ஜல்லி மட்டும் போடுங்கள்

தேரிவிளை,
9.3.2025

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இசக்கிச்செல்வி வணக்கத்துடன் எழுதுகிறேன். நீங்களும் பெரியம்மாவும் நலமாக இருக்கிறீர்களா? எனக்குப் பதினொன்றாம் வகுப்புத் தேர்வு நடந்துகொண்டிருக்கிறது. தமிழ் நன்றாக எழுதியிருக்கிறேன், நாளை ஆங்கிலம்.

அம்மா உங்கள் எண்ணுக்குச் சில தடவை போன் செய்து பார்த்தார்கள். பாண்டியராஜ் அண்ணன்தான் எடுத்தார். "அப்பா கடையில இருக்காங்க, சொல்லுதேன்" என்று வைத்துவிட்டார். உங்கள் மளிகைக்கடைக் காலண்டர் ஒன்று இன்னும் எங்கள் அடுப்படியில் தொங்குகிறது. வருடம் பழையது, முகவரி பழையதாகியிருக்காது என்று நம்பி எழுதுகிறேன்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் சரியில்லை. வாரம் இரண்டு முறை தூத்துக்குடிக்குப் போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் வீடு வரை உங்கள் மனை இருநூறு அடி நீளம். அது முழுக்கக் கால் புதைகிற தேரிச் செம்மணல். ஆட்டோ உள்ளே வராது, ஆம்புலன்சும் வராது. அப்பா அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இன்னொருவரோடு தூக்கிக்கொண்டு போவார்கள். போன வாரம் அப்பாவின் கால் மணலில் புதைந்து நாற்காலி சாய்ந்துவிட்டது. அம்மா ஊசி போடும் கையின் மேலேயே விழுந்தார்கள். அந்தக் கை கெட்டுப்போனால் அடுத்து எங்கே ஊசி போடுவது என்று டாக்டர் கோபப்பட்டார்.

தனியார் இடத்தில் ரோடு போட முடியாது என்று பஞ்சாயத்தில் சொல்லிவிட்டார்கள். நானே விசாரித்தேன். எட்டடி அகலத்துக்குச் சிமெண்ட் போட்டால் ஒன்றேமுக்கால் லட்சம் ஆகும். கிராவல் மண் கொட்டி, உருளை ஓட்டி, மேலே முக்கால் அங்குல ஜல்லி பரப்பினால் நாற்பதாயிரத்துக்குள் முடியும். ஆனால் இடம் உங்களுடையது. பாகப் பத்திரத்தில் எங்களுக்கு வழி என்று எழுதவில்லை.

கிணற்றுப் பங்கில் வந்த மனத்தாங்கல் எனக்குத் தெரியும். "அண்ணங்கிட்டப் போய் நிக்கிறதுக்கு நான் மணல்லயே கெடந்துட்டுப் போறேன்" என்றார்கள் அப்பா. "கெடக்கப் போறது நீங்களா, நானா?" என்று அம்மா கேட்டார்கள். நான் பேனாவை எடுத்ததைப் பார்த்துவிட்டு அப்பா வெளியே போய்விட்டார்கள். அது சம்மதம் என்றுதான் நினைக்கிறேன்.

பதில் எழுதுங்கள், பெரியப்பா.

உங்கள் மகள்,
செ. இசக்கிச்செல்வி


தாம்பரம்,
21.3.2025

சிரஞ்சீவி செல்விக்குப் பெரியப்பா சிவனாண்டியின் ஆசீர்வாதம்.

கடிதம் கடைக்கு வந்தது. கையெழுத்து அச்சுப்போல இருக்கிறது. செண்பகத்துக்கு இப்படி ஆனதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மனசு கேட்கவில்லை.

பாதை போட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தடையில்லை. ஆனால் ஜல்லி மட்டும் போடுங்கள். சிமெண்ட் கூடாது, கருங்கல் பதிக்கவும் கூடாது. ஜல்லியென்றால் பின்னால் எப்போது வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளலாம், இல்லையா? செலவும் குறைவு. இதைத் தம்பியிடம் சொல்.

கடையில் கூட்டம். இத்துடன் முடிக்கிறேன்.

சிவனாண்டி


தேரிவிளை,
18.5.2025

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். அம்மா அழுதுவிட்டார்கள். அப்பா தூணில் சாய்ந்து நின்று கேட்டார்கள். ஜல்லி மட்டும் போடுங்கள் என்ற இடம் வந்ததும் திரும்பவும் வாசிக்கச் சொன்னார்கள். "அண்ணன் எப்பவும் யோசிச்சுத்தான் சொல்லும். சிமெண்டப் போட்டு இந்த மண்ணுல வெடிச்சுட்டுன்னா யாரு பாக்குறது?" என்றார்கள். உங்களைப் பற்றி அப்பா நல்லவிதமாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

பாதை முடிந்துவிட்டது! நடந்ததையெல்லாம் சொல்ல வேண்டும்.

தேரியில் கிராவல் மண்ணைச் சும்மா கொட்டினால் கீழே இறங்கிக்கொண்டே போகுமாம். அடியில் ஏதாவது விரிக்க வேண்டும். அதற்கென்று விற்கிற துணி விலை அதிகம். அப்பாவின் சினேகிதர் நேசக்குமார் மாமா பெரியதாழையிலிருந்து பழைய வலைகளைக் கொண்டுவந்தார். "அண்ணாச்சி, திமிங்கலம் இழுத்தாலும் கிழியாது" என்று விரித்தும் கொடுத்தார். மேலே முதல் லோடு மண் கொட்டி, லாரி பின்பக்கமாக ஏறியது. வலை கிழியவே இல்லை. மண்தான் வலைக் கண் வழியாக மணலோடு போய்ச் சேர்ந்தது, சக்கரம் பாதி புதைந்துவிட்டது. பக்கத்து விளைநிலத்துத் தங்கத்தாய் அத்தை ஆடுகளோடு வந்து நின்று பார்த்தார்கள். "ஏலே செந்தூரு, மீனுக்கு விரிச்ச வலையில மண்ணு நிக்குமாலே?" என்று அப்பாவைக் கேட்டார்கள். லாரிக்காரர்கூடச் சிரித்துவிட்டார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு லோடு மண் போய்விட்டதே.

அப்புறம் அப்பாவுக்கே ஒரு யோசனை வந்தது. அவர்கள் சுமை தூக்குகிற உப்புக் கம்பெனியில் கிழிந்த சாக்குகளை ஒதுக்கி வைப்பார்கள். கேட்டு வாங்கி வந்தார்கள். நானும் அம்மாவும் தையலைப் பிரித்தோம். அம்மா ஒரு கையால்தான் பிரித்தார்கள். பாதை முழுக்கச் சாக்குகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, அதன்மேல் நாலு அங்குலம் கிராவல் மண், தண்ணீர் தெளித்து உருளை, அதன்மேல் மூன்று அங்குலம் ஜல்லி. மழைத் தண்ணீர் இரண்டு பக்கமும் வடிய நடுவில் கொஞ்சம் மேடு. ஜல்லி சிதறாமலிருக்க, விழுந்து கிடந்த பனையைப் பிளந்து ஓரத்தில் பதித்தோம். முதலில் கொட்டிய பகுதி இறுகியதும் அதன்மேலேயே அடுத்த லாரி ஏறி வந்து கொட்டியது. பாதை தன்னைத்தானே போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவதுபோல் இருந்தது.

மொத்தம் நாற்பத்திரண்டாயிரம். அம்மாவின் வளையல்கள் அடகில் இருக்கின்றன. வியாழக்கிழமை ஆட்டோ வாசல்வரை வந்தது. அம்மா ஏறுவதற்கு முன் குனிந்து ஒரு ஜல்லியை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்கள். ஏன் என்று கேட்டேன், சும்மா என்றார்கள்.

நீங்களும் பெரியம்மாவும் ஆவணியில் திருச்செந்தூர் வந்தால் வீட்டுக்கு வர வேண்டும். கார் உள்ளேயே வரும்.

உங்கள் மகள்,
செ. இசக்கிச்செல்வி


தேரிவிளை,
27.7.2025

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கடையில் வேலை இருந்திருக்கும்.

ஆடிக்காற்று மணலை அள்ளிக்கொண்டு வந்து பாதையில் போடுகிறது. மேற்குப் பக்கம் பனையோலைத் தட்டி கட்டியிருக்கிறோம். பள்ளிக்கூடம் போகுமுன் நான் கூட்டிவிடுகிறேன். இது பெரிய விஷயமில்லை.

நேற்றுப் பாண்டியராஜ் அண்ணன் ஒரு காரில் வந்தார். இரண்டு பேர் நாடா பிடித்து அளந்தார்கள். அப்பா வேலைக்குப் போயிருந்தார்கள், அம்மா உள்ளே படுத்திருந்தார்கள். நான் போய்க் கேட்டேன்.

"இடம் வித்தாச்சு. வேலி போடப் போறாங்க" என்றார்.

"எங்க வழி?"

"ஏளா, வழின்னு எதுல எழுதியிருக்கு?"

"பெரியப்பா பங்குனியில லெட்டர் எழுதுனாங்க. பாதை போட்டுக்கோன்னு."

அண்ணன் சிரித்தார். "கார்த்திகையிலயே அட்வான்ஸ் வாங்கியாச்சு. அப்பாதான் கையெழுத்துப் போட்டாவ. ராக்கெட் தளம் வருதுன்னு இந்தப் பக்கமெல்லாம் வெலை ஏறிக் கெடக்கு, தெரியாதா? ஜல்லியத்தான போட்டிருக்கீங்க, அள்ளிக்கிடுங்க" என்றார்.

அண்ணன் மாதத்தை மாற்றிச் சொல்லியிருப்பார். கார்த்திகை முடிந்துதானே பங்குனி? கார்த்திகையில் விற்றிருந்தால் பங்குனியில் நீங்கள் எங்களைப் பாதை போடச் சொல்லியிருக்கமாட்டீர்கள். அப்பாவிடம் வேலி போடப் போகிறார்கள் என்று மட்டும் சொன்னேன். "அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்காது. இந்தப் பய தலைக்கு மேல போறான்" என்றார்கள்.

பெரியப்பா, அப்பா சொல்வதுதானே சரி? ஒரு வரி எழுதுங்கள். வேலிக்காரர்கள் வருவதற்குள் அந்த எட்டடியை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
செ. இசக்கிச்செல்வி


தாம்பரம்,
8.8.2025

சிரஞ்சீவி செல்விக்கு,

கடிதம் கிடைத்தது. பாண்டியராஜிடம் சொல்லிப் பார்த்தேன். வாங்குகிறவர் மனையை முழுசாகத்தான் கேட்கிறார், இடையில் பாதை விட்டால் வேண்டாம் என்கிறாராம். கடையும் இப்போது அவன் பொறுப்பில்தான். நான் கல்லாவில் உட்காருகிறேன், அவ்வளவுதான்.

ஜல்லிக்கு ஆன செலவை எழுது. பெரியம்மாவுக்குத் தெரியாமல் அனுப்பி வைக்கிறேன். செண்பகத்தைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நீ நன்றாகப் படி. உன் எழுத்தைக் கடைக்கு வருகிறவர்களிடம் காட்டுவேன்.

சிவனாண்டி


தேரிவிளை,
14.9.2025

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வேலி போட்டுவிட்டார்கள். போடுவதற்கு முதல்நாளே ஜல்லியை அள்ளிவிட்டோம். நேசக்குமார் மாமா வந்தார். உதவாது என்று மூலையில் போட்டிருந்த வலையை நாலு கம்பில் கட்டி, ஜல்லியை அதில் கொட்டி ஆட்டினோம். மணல் கீழே விழுந்தது, ஜல்லி மேலே நின்றது. தங்கத்தாய் அத்தை அதைப் பார்த்து, "இப்பத்தாம்ல வலைக்கு வேலை வந்திருக்கு" என்றார்கள். அன்று அப்பாவும் சிரித்தார்கள்.

கிராவல் மண்ணை அள்ள முடியவில்லை. அது இறுகிப்போய், கடப்பாரை போட்டால் தேரியோடு கலந்து வந்தது. பாதையில் பாதி அங்கேயே கிடக்கிறது. எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ள முடியாது, பெரியப்பா.

இரண்டு வாரம் அம்மாவை மறுபடியும் நாற்காலியில்தான், வேலியைச் சுற்றித் தூக்கிப்போனோம். ஆள் சேர்வதற்குள் நேரமாகி ஒருநாள் டயாலிசிஸ் தவறிவிட்டது. மூச்சு வாங்கி, கால் வீங்கி, ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்தார்கள். இப்போது வீட்டில்தான் இருக்கிறார்கள். முன்போல் பேசுவதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று தங்கத்தாய் அத்தை எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். "என் வேலியோரமா எட்டடி எடுத்துக்கோலே. என் ஆடும் அதுலதான் போவும். ஜல்லி குத்துச்சுன்னா ஆட்டுக்குச் செருப்பு வாங்கிக் குடு" என்றார்கள். நான்தான், "அத்தை, பத்திரத்துல எழுதித் தருவீங்களா?" என்று கேட்டேன். அப்பா என்னை அதட்டினார்கள். அத்தை, "எழுதிக்கோ தாயி. நீ கேக்கது நியாயந்தான்" என்றார்கள். போன புதன்கிழமை பதிவு ஆபீசில் கைநாட்டு வைத்தார்கள். சுற்றுப்பாதைதான், பழையதைவிட நீளம். ஜல்லி போதாமல் கடைசிப் பகுதி மெலிந்துதான் இருக்கிறது. ஆனாலும் ஆட்டோ வருகிறது.

ஜல்லிக்கு ஆன செலவைக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம்.

ஆடியில் நான் உங்களிடம் ஒன்று கேட்டிருந்தேன். மற்றதற்கெல்லாம் பதில் எழுதினீர்கள், அதற்கு மட்டும் எழுதவில்லை. அதன்பிறகு உங்கள் முதல் கடிதத்தை எடுத்து வாசித்தேன். அம்மாவுக்காக மனசு கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது பொய்யில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். அடுத்த பத்தியைத்தான் என்னால் வாசிக்க முடியவில்லை. இடம் விற்றாயிற்று என்று ஒரு வரி எழுதியிருந்தால், அப்போதே தங்கத்தாய் அத்தையிடம் போய்க் கேட்டிருப்போம். அம்மாவின் வளையல்கள் கையில் இருந்திருக்கும். அந்த ஐந்து நாளும் வந்திருக்காது.

அட்வான்ஸ் வாங்கியது கார்த்திகையில் என்பது அப்பாவுக்குத் தெரியாது. உங்கள் மகன் தலைக்கு மேல் போய்விட்டார், அண்ணன் பாவம் என்றே எல்லாரிடமும் சொல்கிறார்கள். புதுப்பாதை போடும்போதும் கூலிக்காரர்களிடம், "சிமெண்ட் வேண்டாம்னு எங்க அண்ணன் அன்னைக்கே சொல்லிச்சு. அதனாலதான் இன்னைக்கு இந்த ஜல்லியாவது மிஞ்சிச்சு" என்று பெருமையாகச் சொன்னார்கள். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

நீங்கள் மறுபடி எழுதினால் அப்பா வாசிக்கச் சொல்வார்கள். நான் எதையும் மாற்றி வாசிக்கிறவள் இல்லை. ஆகவே இனி எழுத வேண்டாம். நானும் எழுதமாட்டேன். என் எழுத்தையும் கடைக்கு வருகிறவர்களிடம் காட்ட வேண்டாம்.

ஆனால் என்றாவது தம்பியைப் பார்க்க வேண்டும் என்று தோன்றி வந்தீர்களானால், பழைய இடத்தில் இறங்க வேண்டாம். அங்கே வேலிதான் இருக்கும். கொஞ்சம் தள்ளி இறங்கி, தங்கத்தாய் வீடு எது என்று கேளுங்கள். அங்கிருந்து ஜல்லிப் பாதை தொடங்கும். அது சுற்றினாலும் வீட்டுக்கே வரும். அப்பா சாயங்காலம் வாசலில்தான் இருப்பார்கள்.

இப்படிக்கு,
செ. இசக்கிச்செல்வி