கழுத்தில் வெள்ளை இல்லாத புறா

ஃபென் எண்ட் பண்ணை, லிங்கன்ஷயர்
4 ஜூலை 1986

அன்புள்ள கிளிஃப்,

நானும் நாயும் நலம். உன் அண்ணன் வீட்டில் நீ சாப்பிடுகிறாயா? என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, இது புறா விஷயம். நீ போனதிலிருந்து காட்டுப்புறாக்களுக்குக் குளிர்விட்டுப் போய்விட்டது. காலிஃபிளவர் நாற்றெல்லாம் வெறும் குச்சியாக நிற்கிறது. இப்படியே போனால் பண்ணையை விட்டுவிட வேண்டியதுதான்.

உன் ஏர்கன்னைப் பரணிலிருந்து எடுத்திருக்கிறேன். எப்படிச் சுடுவது என்று எழுது. பக்கத்துப் பண்ணை வெர்னனிடம் கேட்டால் சிரிப்பான்.

"உன் பந்தயப் புறாவோடயே குடித்தனம் நடத்து"ன்னு அன்றைக்கு நான் சொன்னதை இன்னும் மனதில் வைத்திருக்கிறாயா?

டோரீன்

கிரிம்ஸ்பி
9 ஜூலை

அன்புள்ள டோரீன்,

துப்பாக்கியை உமி மூட்டை மேல் சாய்த்துக்கொள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்து. விசையை இழுக்காதே, மெல்ல அழுத்து. பறவைக்குப் பின்னால் மண்மேடு இருந்தால் மட்டும் சுடு. கூரை மேல் உட்கார்ந்ததைத் தொடாதே, ஓடு உடைந்துவிடும். கழுத்தில் வெள்ளைப் பட்டை இருந்தால் அது காட்டுப்புறா.

மற்ற பந்தயப் புறாக்களைப் புறாச் சங்கத்தாரிடம் கொடுத்துவிட்டேன். மேபல் மட்டும் என்னோடு. பாவம், கூண்டிலேயே கிடக்கிறாள். திறந்துவிட்டால் நேராக நம் வீட்டுக்குத்தான் பறப்பாள்.

மனதில் வைக்கவில்லை. அல்லது வைத்திருக்கிறேனோ என்னவோ, எனக்கே தெரியவில்லை.

கிளிஃப்

ஃபென் எண்ட்
21 ஜூலை

அன்புள்ள கிளிஃப்,

முதல் நாள் தகர டப்பாவைக் குறிவைத்தேன், வாளி ஓட்டையாகிவிட்டது. வெர்னன் வேலிமேல் சாய்ந்துகொண்டு, "ஏம்மா டோரீன், அந்த வாளி எத்தனை பூவைத் தின்னுச்சு?" என்றான். "அடுத்து உன் தொப்பிதான், நகரு"ன்னேன்.

நேற்று ஒன்று விழுந்தது. பிசைந்த மாவால் மூடி அடுப்பில் சுட்டுத் தின்றேன். நன்றாக இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு குழப்பம். வெள்ளைப் பட்டையே இல்லாத சில வருகின்றன. காலிஃபிளவரைத்தான் தின்கின்றன. இவற்றை என்ன செய்ய? நீ இங்கே இருந்திருந்தால் கையைக் காட்டிக் கேட்டிருப்பேன்.

டோரீன்

கிரிம்ஸ்பி
28 ஜூலை

அன்புள்ள டோரீன்,

அவை இந்த வருஷத்துக் குஞ்சுகள். பட்டை இன்னும் வந்திருக்காது. அவையும் தின்னத்தான் வருகின்றன. யோசித்துக்கொண்டு நின்றால் பறந்துவிடும், சுடு.

உன்னிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. உட்கார்ந்து எழுதினால் தப்புத்தப்பாக வருகிறது. நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். சனிக்கிழமை உனக்கே தெரிந்துவிடும்.

கிளிஃப்

ஃபென் எண்ட்
3 ஆகஸ்ட்

அன்புள்ள கிளிஃப்,

எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. சனிக்கிழமை காலை முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தபால்காரர் வந்தார், ஒன்றும் இல்லை. உன்மேல் எரிச்சலோடுதான் தோட்டத்துக்குப் போனேன்.

காலியாய்க் கிடக்கும் உன் புறாக்கூண்டுக்கு முன்னால், மண்மேட்டின் பக்கம், ஒரு புறா நின்றிருந்தது. கழுத்தில் வெள்ளை இல்லை. மற்றதெல்லாம் என் நிழலைக் கண்டாலே ஓடும், இது என்னைப் பார்த்தும் நகரவில்லை. சாத்திய கதவுக்கும் எனக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தது. முட்டாள் குஞ்சு என்று நினைத்தேன். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன்.

எடுத்துப் பார்த்தபோதுதான் காலில் பந்தயப் புறாவுக்கு மாட்டும் வளையம் தெரிந்தது.

வெர்னன் வந்து பார்த்துவிட்டு, "இது மேபல்தானே?" என்றான். இரண்டு பேருமாக ஆப்பிள் மரத்தடியில் புதைத்தோம். நான் அழுதேன். புறாவுக்காக அழுதேனா, உனக்காகவா, புரியவில்லை.

அவளாகத் தப்பி வந்தாளா, நீ விட்டாயா? நீ விட்டதென்றால் அதற்கு என்ன அர்த்தம்? வரப்போகிறாய் என்றா, அவளையும் எனக்கே கொடுத்துவிட்டாய் என்றா? இருபது வருஷம் உன்னோடு இருந்தும் எனக்குத் தெரியவில்லை, கிளிஃப்.

ஏர்கன்னை வெர்னனிடம் கொடுத்துவிட்டேன். காலிஃபிளவரைப் புறாக்கள் தின்றால் தின்னட்டும். கூண்டுக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன், ஏன் என்று கேட்காதே.

வருவதானால் 'வருகிறேன்' என்று எழுது. அந்த ஒரு வார்த்தை போதும். எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை.

உன்
டோரீன்