ராணிக்கு ஏன் இரைக்குது

அத்தான்,

ராணியை ஆட்டோவில மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நாய்க்கு வயசாயிட்டு, வெயிலுக்கு இரைக்குதுன்னு இனியும் சொல்லாதிய. நேத்து மழையில, ஃபேனுக்கு அடியில சும்மா படுத்துக் கிடக்கும்போதே நாக்கைத் தொங்கப்போட்டு இரைச்சா. அப்ப எங்க இருந்து வந்துச்சு வெயில்?

ஹார்பர்ல இருந்து வந்ததும் சாப்பிடுங்க. சோறும் புளிக்கொழம்பும் மேசையில இருக்கு. கருவாட்டைத் தேடாதிய, டப்பாவோட எதிர்வீட்டு தேவமணி அக்காளுக்குக் குடுத்துட்டேன். தினமும் உங்க தட்டுல இருந்து ராணிக்கு உப்புக் கருவாடு போடுததை டாக்டர்கிட்ட மறைக்காமச் சொல்லுவேன். நீங்க கோவிச்சாலும் சரி.

ஜெப்ஸி

பி.கு: மாடி ஏறி வந்தா உங்களுக்கும் அப்படித்தான் இரைக்குது. சாயங்காலம் நம்ம டாக்டர்கிட்ட உங்க பேருக்கு டோக்கன் போட்டாச்சு. வெயில்னு சொல்லிப் படுத்துராதிய. திரும்பி வந்து ராணியை வீட்டுல இறக்கிவிட்டதும் அதே ஆட்டோவில நீங்க ஏறுதிய.