பதினான்கு சிவப்புச் சீட்டுகள்

அக்டோபர் 6, திங்கள்

விடியலிலிருந்து தூறல். ரெட்டியார்பாளையம் சிக்னலில் தண்ணீர். ஸ்கூட்டி இருமிக்கொண்டே வந்து சேர்ந்தது.

இன்று அளந்து பார்க்க வேண்டியவை: பம்ப் கூடுகள், 14. நடுத்துளை 80 மி.மீ. 80.10 வரை போகலாம். தாண்டினால் குப்பைதான், துளையைச் சின்னதாக்க யாராலும் முடியாது.

கம்ப்யூட்டரோடு இணைந்த அளக்கும் இயந்திரக் கையை மேசையில் பொருத்தி, அதன் நுனி உருண்டையால் துளைக்குள் எட்டு இடம் தொட்டேன். மென்பொருள் சொன்னது 80.13. அடுத்தது 80.14. பதினான்கும் அப்படியே. எல்லாம் சிவப்பு. திரும்ப அளந்தேன், அதே எண்கள். சிவப்புச் சீட்டு ஒட்டினேன்.

குடைந்தவர் ஜாஃபர் பாய். இருபத்திரண்டு வருஷமாக அதே மெஷின். ஓடி வந்தார். "என் மைக்ரோமீட்டர்ல சரியாதாம்மா காட்டுது. இன்னொரு தபா பாரேன்."

"உங்க மைக்ரோமீட்டருக்கும் உங்க வயசுதான பாய். கம்ப்யூட்டருக்கு உங்க மேல என்ன விரோதமா?" என்றேன். ஷாப்பே சிரித்தது.

வாங்க வேண்டியவை: தக்காளி, மழைக்கோட்டு, அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை.

அக்டோபர் 7, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

மேனேஜர் பாயிடம், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி: "கண்ணு தெரியலன்னா வீட்டுல இருக்கணும். பதினாலு கூடு போச்சே!" பாய் ஏப்ரனைக் கழற்றி, மடித்து, மெஷின் மேல் வைத்தார். போய்விட்டார். பெரிய சண்டை வரும் என்று பார்த்தேன், ஒன்றும் இல்லை.

"நீ கரெக்டா பண்ண செல்வி" என்றார் மேனேஜர். மதியம் நன்றாகவே சாப்பிட்டேன். மீன் குழம்பு. இதை எழுதி வைக்கிறேன், ஏனென்றால் நேற்றுவரை நான் இப்படி நிம்மதியாகத்தான் இருந்தேன்.

(கடைசி வரி வியாழன் சேர்த்தது.)

அக்டோபர் 9, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

குருசுக்குப்பம் டொமினிக் லீவு முடிந்து வந்தான். என் சக இன்ஸ்பெக்டர். சும்மா ஒரு கூட்டை எடுத்துத் தனக்கென்று இருக்கும் நுனியை அளக்கும் கையில் மாட்டி அளந்தான். 80.07. பச்சை.

"தூங்கிட்டே அளந்தியாடா?" என்றேன். நான் அளந்தேன். 80.13. அவன், 80.07. மூன்று மூன்று முறை. அவனுக்கு அவன் எண் மாறவில்லை, எனக்கு என் எண் மாறவில்லை.

செய்து பார்த்தவை:
– ஏசி போட்டு அரை மணி நேரம் காத்திருப்பு. மாற்றம் இல்லை.
– கூட்டை இறுக்கிய கிளாம்பைத் தளர்த்தினோம். இல்லை.
– எட்டுக்குப் பதில் பதினாறு இடம் தொட்டோம். இல்லை.
– நுனியை மாற்றிக்கொண்டோம். அவன் நுனியில் எனக்கு 80.07! என் நுனியில் அவனுக்கு 80.13!

"ஆளு மேல தப்பு இல்ல. உன் நுனிதான் புளுகுது. எப்ப சரிபார்த்த?" என்றான்.

வெள்ளிக்கிழமை, 3ஆம் தேதி. லீவு முடிந்து வந்தால் அவரவர் நுனியைச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. நான் விதியை மீறுகிற ஆளா? அளவு தெரிந்த வெள்ளைப் பீங்கான் குண்டை நுனியால் தொட்டுத் தொட்டுக் காட்டினால், தன் நுனி எவ்வளவு பெரிசு என்று மென்பொருள் கணக்குப் போட்டுக்கொள்ளும். அன்றைக்குப் பச்சை டிக் காட்டியது. அவன் இன்னும் சரிபார்க்கவில்லை, கடைசியாகச் செய்தது செப்டம்பரில்.

டொமினிக் அந்தக் குண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். நகத்தால் சுரண்டினான். நகத்தில் மஞ்சளாக ஒரு பூச்சு. மோந்து பார்த்தான். என்னிடம் நீட்டினான்.

சந்தனம்.

ஐயோ. ஆயுத பூஜை. 1ஆம் தேதி நான்தான் கிண்ணத்தோடு சுற்றி வந்தேன். டிரில்லிங் மெஷின், கம்ப்யூட்டர், ஸ்டேப்ளர், எதையும் விடவில்லை. குண்டுக்கும் பெரிசாகப் பொட்டு வைத்தேன். வெள்ளிக்கிழமை ஈரத் துணியால் துடைத்தேன். துடைக்கவில்லை, குண்டு முழுக்கப் பூசியிருக்கிறேன். சுற்றிலும் ஒரே மாதிரி படிந்ததால் மென்பொருளுக்குச் சந்தேகமே வரவில்லை. குண்டு என்று நினைத்துச் சந்தனத்தைத் தொட்டு, நுனி பெரிசு என்று எழுதிக்கொண்டது. அதனால் எல்லாத் துளையும் பெரிசாகத் தெரிந்தது.

ஸ்பிரிட் போட்டுத் துடைத்தோம். புதிதாகச் சரிபார்த்தோம். பதினான்கு கூடுகளும் அளந்தேன். பதினான்கும் பச்சை.

பாத்ரூமில் போய் உட்கார்ந்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். "சரி, சீட்ட பிச்சிட்டு அனுப்பிடு" என்றார். அவ்வளவுதான்!

"அப்ப பாய் விஷயம், சார்?"

"அவரா தான போனாரு. வேணும்னா வரச் சொல்லு."

போன் செய்தேன், ஸ்விட்ச் ஆஃப். பதினொரு முறை. தோசை தீய்ந்தது.

அக்டோபர் 11, சனி

பாய் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்தார். பாய் நாற்காலியில், பனியனோடு. நாலே நாளில் ஆள் இளைத்துவிட்டாரா, எனக்கு அப்படித் தெரிந்ததா.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம், குண்டு, எண்கள். பாய் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பதினாலும் சரியாம்மா?"

"பதினாலும் பாய்."

"கண் டாக்டர்கிட்ட போனேன். கண்ணு நல்லா இருக்குன்னாரு. அப்ப என் கைதான் போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். தவளக்குப்பத்துல ஒரு பட்டறையில வேலைக்குக் கூப்ட்டாங்க. இனிமே என்னால குடைய முடியாதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

என் அளவை அவர் நம்பியிருக்கிறார். இருபத்திரண்டு வருஷக் கையை விட்டுவிட்டு என்னை நம்பியிருக்கிறார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. திட்டினால் வாங்கிக்கொள்ளத்தான் போனேன்.

அவர் மனைவிதான் திட்டினார். "டம்ளர தூக்கிப் புடிச்சிட்டு, நடுங்குதா பாரு, நடுங்குதா பாருன்னு என்னையே கேக்குறாரு. எல்லார் முன்னாடியும் சிரிச்சியாமே. இங்க தனியா வந்து சொன்னா ஆச்சா?"

"இல்லக்கா" என்றேன். அழுதேன். கொடுத்த டீயைக் குடிக்க முடியவில்லை. திங்கட்கிழமை வாங்க என்றேன். பாய் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

சொல்ல வேண்டியதை எழுதிப் பார்த்தேன். மூன்று முறை கிழித்தேன். துணி காயவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

வானம் வெளுத்திருந்தது. எட்டு மணிக்கு ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன்னால் எல்லாரையும் கூப்பிட்டேன். பாய் வந்திருந்தார், கடைசியில், தன் மெஷின் பக்கத்தில்.

"போன வாரம் பாய் குடைஞ்ச பதினாலும் சரியாதான் இருந்துச்சு. தப்பு என்னுது. உங்க முன்னாடி அவரை நான்" என்று ஆரம்பித்தேன்.

அதற்குள் பாய், மடித்து வைத்திருந்த ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மெஷினைப் போட்டுவிட்டார். மீதி நான் சொன்னது அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.