தொப்பிப் பாறையில் இரண்டு பெயர்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

மார்னி எழுதுவது. ட்ரம்ஹெல்லரில் நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

இங்கே தலையில் தட்டைக் கல்லைத் தொப்பி போல வைத்திருக்கும் மணற்பாறைத் தூண்களை, அந்தத் தொப்பிப் பாறைகளைக் காவல் காக்கிறேன். எவ்வளவு கரைந்திருக்கின்றன என்று பார்க்க வருடாவருடம் அதே இடத்தில் நின்று படமும் எடுக்கிறோம். நேற்று சுற்றிப் பார்க்க வந்த ஒருவர் பாறையில் பெயர் கீறினார்.

"இது என்ன உங்க வீட்டுச் சுவரா?" என்று கத்தினேன்.

அவர் மேலே காட்டிச் சிரித்தார். "அப்போ இந்த எல்வுட், இர்மா யாரும்மா? உன் சொந்தக்காரங்களா?"

அப்பா! கல்யாணத்துக்கு முன் அம்மாவோடு இங்கே வந்ததாக மட்டும்தானே சொன்னீர்கள்?

எல்வுட் என்ற உங்கள் பெயரை மழை பாதி கரைத்துவிட்டது. அம்மாவின் பெயர் தொப்பிக்கு அடியில் நனையாமல் இருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன்.

அம்மாவின் கம்பளிச் சட்டையை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், எனக்கு அனுப்புங்கள். இங்கே காற்று அதிகம்.

ஜீப் வந்துவிட்டது. பயப்படாதீர்கள், பாறையைக் கீறியவர்களைக் குறிக்கும் பதிவேட்டில் அந்தப் பழைய கீறலுக்கு எதிரே 'யாரென்று தெரியவில்லை' என்று எழுதிவிட்டேன்.

உங்கள் மார்னி