படுத்த வண்டியின் ஜன்னல்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன், அதைப் பொய்யாக்கிவிடாதே. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் அந்தச் சுகத்தில் இரண்டு விரல் குறைகிறது, அதுவும் அப்பாவின் வலது கையில். பயந்துவிடாதே, விரல்கள் இருக்கின்றன, கட்டுக்குள் இருக்கின்றன. சின்னவள் உன்னிடம் போனில் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிட்டாள் என்று தெரியும். நீ உடனே என்னைக் கூப்பிட்டு என்னம்மா மறைக்கிறீங்க என்று கேட்டாய், அப்போது அப்பா எதிரில் உட்கார்ந்து சொல்லாதே சொல்லாதே என்று கண்ணை உருட்டிக்கொண்டிருந்தார், நானும் ஒன்றுமில்லை என்று சமாளித்தேன். கடிதம் எழுதும்போது யாரும் கண்ணை உருட்ட முடியாது. அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், நடுவில் எழுந்து எழுந்து போய் வருவேன், இப்போதெல்லாம் ஒரு இடத்தில் உட்கார முடிவதில்லை.

எங்கள் பஸ் பாடி கட்டும் கம்பெனியில் நான் வரைந்த அவசர வழி ஜன்னலைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். பெரிய கண்ணாடி, மேலே கீல், கீழே சிவப்புப் பிடி. ஆபத்து என்றால் பிடியைத் திருப்பி வெளியே தள்ள வேண்டும், ஜன்னல் முழுதாக வெளிப்பக்கம் திறந்துகொள்ளும். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், ஆட்களை உள்ளே உட்கார வைத்துத் திறக்கச் சொன்னார்கள், எல்லோரும் மளமளவென்று இறங்கினார்கள், முத்திரையும் கிடைத்தது. முதலாளி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார், அவர் டீ வாங்கிக் கொடுப்பது எவ்வளவு அபூர்வம் என்று உனக்கே தெரியும். நீளமான தடத்தில் பஸ் விடும் ஒரு பயணக் கம்பெனிக்கு முதல் தவணை வண்டிகளும் போய்விட்டன. நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன், ஒரு நாள் வேலைக்குப் போகும் வழியில் ஒரு ரொட்டி வேன் கவிழ்ந்து கிடந்ததைப் பார்க்கும் வரைக்கும். பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. டிரைவருக்கு அடி ஒன்றும் பெரிதில்லை, ஆனால் அவரால் வெளியே வர முடியவில்லை. கதவு இப்போது வானத்தைப் பார்த்து இருக்கிறது, அதை அவர் கிணற்று மூடியைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்குகிறார், பாதி தூக்கியதும் அது திரும்ப அவர் தலையிலேயே வந்து உட்காருகிறது. பார்த்தவர்களில் சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். கடைசியில் மேலே ஏறிக் கதவைப் பிடித்துக்கொண்டு அவரை இழுத்து எடுத்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் ஜன்னலுக்கும் மேலேதானே கீல். பஸ் நிமிர்ந்து நின்றால் தள்ளினால் போதும், படுத்துவிட்டால் தூக்க வேண்டும். யார் தூக்குவார்கள் அந்தக் கண்ணாடியை.

அன்றிலிருந்து பிடித்தது சனி. சாப்பிட உட்கார்ந்தால் பானை மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறேன் என்று அப்பா கிண்டல் செய்தார். பஸ்ஸில் போனால் கை தானாக ஜன்னல் பிடிக்குப் போகிறது. ஒரு நாள் கண்டக்டர் பார்த்துவிட்டு, ஏம்மா சும்மா சும்மா அதை நோண்டுறீங்க, உங்க வீட்டு ஜன்னலா என்று சத்தம் போட்டார். ஆமாங்க, நான் வரைஞ்சதுதான் என்றேன். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா மெல்ல எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். முதலாளியிடம் போய், வண்டியைப் படுக்கப் போட்டு ஒரு தடவை பார்க்கலாம் சார் என்று கேட்டேன். சட்டம் கேட்டதைச் செஞ்சாச்சு, முத்திரை வாங்கியாச்சு, படுத்த வண்டியை யாரும்மா பார்க்கப் போறாங்க என்றார். படுத்த வண்டிக்குள்ள இருக்கிறவங்க பார்ப்பாங்க சார் என்று சொல்லிவிட்டேன், சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். சரி, லீவு நாளில் பாருங்க, பழைய பஸ் கூடு ஒன்னு பின்னால கிடக்கு, அதுல மாட்டிப் பாருங்க, ஆளை மட்டும் நீங்களே பிடிச்சுக்கோங்க என்றார்.

ஆளுக்கு எங்கே போவேன். பட்டறை ஆட்கள் எல்லாம் இரும்பு தூக்கிப் பழகினவர்கள், அவர்கள் தூக்கினால் எதுவும் தெரியாது. பஸ்ஸில் வருவது உன் அப்பா மாதிரி, உன் அத்தை மாதிரி ஆட்கள்தானே. அப்பா உடனே சரி என்றார். அவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் எல்லோரிடமும் சொல்லும் பழைய ஜோக் ஒன்று உண்டே, நானும் கண்ணாடி அவளும் கண்ணாடி, நான் போடுறது பார்க்கிறதுக்கு, அவ போடுறது தப்பிச்சு ஓடுறதுக்கு என்று, அதை அன்றைக்கும் எங்கள் பட்டறைப் போர்மேனிடம் சொல்லிச் சிரிக்க வைத்தார். அத்தையை நான் கூப்பிடவே இல்லை. டெலிபோன் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றும் காதை ஊர்மேல் வைத்திருப்பவர் ஆயிற்றே, எப்படியோ தெரிந்துகொண்டு, தம்பி போற இடத்துக்கு நானும் வருவேன் என்று முன்னாலேயே கிளம்பி நின்றார். கேண்டீன் சமையல்காரரும் கணக்கு எழுதுபவரும் வந்தார்கள்.

கிரேன் வைத்துக் கூட்டைப் படுக்கப் போட்டோம். நானும் அவர்களுடன் உள்ளே போனேன். இத்தனை வருடம் பஸ் வரைந்தவள், அப்படி ஒரு இடத்தை நான் பார்த்ததே இல்லை. தரை சுவராகிவிட்டது. இருக்கைகள் அந்தச் சுவரில் அடித்த அலமாரித் தட்டுகள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. காலுக்கு அடியில் ஒரு பக்கத்து ஜன்னல்கள், தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் இன்னொரு பக்கத்து ஜன்னல்கள், அதில் வானம். நமக்கு நடந்து பழகிய இடமே இல்லை. அத்தை இருக்கை ஓரங்களைப் பிடித்து மேலே ஏறினார், பிடியைச் சுலபமாகத் திருப்பிவிட்டார், கண்ணாடியைத் தள்ளினார். அசையவில்லை. இது என்ன ஜன்னலா பாறாங்கல்லா என்றார். சிரித்தபடியே அப்பா பக்கத்துத் தட்டில் ஏறித் தோளைக் கொடுத்தார். பாதி தூரம் எழுந்தது. அத்தை தலையை வெளியே நீட்டிவிட்டார். அப்போது அப்பாவின் கால் வழுக்கியது. ஜன்னல் இறங்குவதைப் பார்த்து அவர் அத்தையின் தலையைப் பிடித்து உள்ளே அமுக்கினார், அந்தக் கை தப்பியது, சட்டத்தில் ஊன்றியிருந்த வலது கை தப்பவில்லை. அவர் கத்தவில்லை. கொஞ்சம் தூக்குங்க, கொஞ்சம் தூக்குங்க என்று மட்டும், கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற குரலில் சொன்னார். அந்தக் குரல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. நான் வரைந்த ஜன்னல் கண்ணா அது.

இரண்டு விரல் எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை என்னைப் பார்த்து, உன் ஜன்னலுக்கு என் தம்பி கைதான் கிடைச்சுதா என்று கேட்டார், அதோடு பேச்சை நிறுத்தினார். வீட்டுக்கு வருவார், அப்பாவுக்குச் சாதம் பிசைந்து கொடுப்பார், சின்னவளிடம் பரீட்சை எப்போது என்று கேட்பார், என்னைத் தாண்டிப் பார்ப்பார். அப்பா இடது கையால் மூக்குக் கண்ணாடித் திருகாணி மாட்டப் பார்த்துத் தினமும் நாலைந்தைத் தொலைத்தார், கடையைப் பெருக்கும்போது அதைப் பொறுக்குவது என் வேலை. முதலாளி பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார். மருந்துச் செலவு நம்மோடது என்றார். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, இதுக்குத்தான் வேண்டாம்னேன், இனிமே வர்ற வண்டியில வேணா மாத்திக்கலாம், போன வண்டியைப் பத்திப் பேசாதீங்க என்றார். எனக்கு அந்தப் போன வண்டிகள்தான் ராசா தொண்டையில் நின்றன. அவை மலைத் தடத்தில் ஓடுகின்றன. தண்ணீர் குடிக்கப் போனால் நினைவு, துணி மடித்தால் நினைவு, இந்த நேரம் எந்த வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும் என்று. அப்பாவிடம் சொன்னேன். வேலை போயிடும்னு பயமா என்று கேட்டார். ஆமா என்றேன். போனா கடையில வந்து திருகாணி பொறுக்கு, எப்படியும் நல்லாப் பொறுக்குற என்றார்.

மறுநாள் பயணக் கம்பெனிக்குப் போனேன். அங்கே வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும், முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது. நான் படம் போட்டுக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன், அப்பாவின் கையையும் சொன்னேன். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நீங்க இங்க வந்தது உங்க முதலாளிக்குத் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். தெரிஞ்சா என்றார். வேலை போகும் என்றேன். உங்க வேலை போயிட்டா இதை யாரு எனக்குச் சரி பண்ணித் தருவா என்று கேட்டுவிட்டு, போனை எடுத்து மலைத் தடத்து வண்டிகளை நிறுத்தச் சொன்னார். அடுத்த போன் எங்கள் முதலாளிக்கு. வண்டிகளைத் திருப்பி அனுப்புறேன், மாத்தினதுக்கு அப்புறம் படுக்கப் போட்டு என் கண் முன்னால காட்டுங்க, வரைஞ்ச அம்மாதான் மாத்தணும் என்றார். நான் அங்கே நாற்காலி நுனியில் உட்கார்ந்து என் பையின் வாரைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை, என் மேசையைத்தான் அனுப்பினார், பெயிண்ட் அடிக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில். வீட்டுக்கு வந்தால் தலைமுடி முழுக்கப் பெயிண்ட் வாசனை. அங்கே உட்கார்ந்துதான் போர்மேனும் நானும் மறுபடி தொடங்கினோம். ஒரு பெரிய ஜன்னலை இரண்டாகப் பிரித்தோம். காரின் பின்கதவைத் தூக்கினால் அப்படியே தூக்கி நிறுத்தும் தண்டு இருக்குமே, அந்த மாதிரித் தண்டை இரண்டு பக்கமும் வைத்தோம். மேலே போனதும் விழாமல் இருக்க ஒரு கொக்கி. முதலில் வைத்த தண்டுக்குப் பலம் போதவில்லை, அடுத்ததற்குப் பலம் அதிகமாகி ஜன்னல் ஓரத்து ரப்பரைப் பிதுக்கி மழைத் தண்ணீரை உள்ளே விட்டது. போர்மேன், தப்பிக்க வழி கேட்டா நீங்க குளிக்க வழி பண்றீங்க என்றார். அதையும் சரிசெய்தோம். செய்து முடித்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த ஜன்னலுக்குக் கீழே இன்னொருவர் கையை எப்படி வைக்கச் சொல்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அதே பழைய கூட்டைப் படுக்கப் போட்டு அந்தச் சோதனை. காலையிலிருந்து தூறல். பயணக் கம்பெனி அம்மா தன் டிரைவர்களோடு வந்தார். முதலாளி குடை பிடித்துக்கொண்டு வந்து அவரிடம், எங்க டிசைனரம்மாதான் இதைக் கண்டுபிடிச்சாங்க, இதைச் சும்மா விடக் கூடாதுன்னு நாங்க உடனே முடிவு பண்ணிட்டோம் என்று சொன்னார். போகட்டும். அப்பாவை உள்ளே விடமாட்டேன் என்று சொல்லியிருந்தேன், அதனால் வெளியே நின்றுகொண்டு எல்லோருக்கும் வழி சொல்லிக்கொண்டிருந்தார். நானே முதலில் ஏறுவது என்று செருப்பைக் கழற்றும்போது, பின்னாலிருந்து யாரோ என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அத்தை. சின்னவளின் ஓடுகிற ஷூவைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார், இரண்டு அளவு பெரிது. வேண்டாம் அண்ணி என்று கையைப் பிடித்தேன். நீ தூக்குனா உனக்காகத் திறக்கும், நீ பெத்தது, எனக்குத் திறக்குதான்னு பார்க்கலாம் விடு என்றார். அவ்வளவு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

உள்ளே அவர் ஏறுவது கேட்டது, ஷூ வழுக்குவதும் கேட்டது, அவர் முனகுவதும் கேட்டது. பிடி திரும்பும் சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. பிறகு மழையில் நனைந்த அந்தக் கண்ணாடி மெதுவாக எழுந்தது, பாதியில் நிற்கவில்லை, எழுந்து கொக்கியில் டக்கென்று மாட்டிக்கொண்டு நின்றது. அத்தையின் தலை வந்தது. அவர் உடனே வெளியே வரவில்லை. ஜன்னலை அண்ணாந்து பார்த்தபடி, அது விழுமா என்று அப்படியே காத்திருந்தார், கீழே நாங்கள் எல்லோரும் மூச்சு விடாமல் காத்திருந்தோம். விழவில்லை. பிறகு மற்றவர்களும் உள்ளே போனார்கள், பக்கத்து ஜன்னலைக் கணக்கு எழுதுபவர் திறந்தார், அடுத்ததில் பயணக் கம்பெனி அம்மா, அவர் கைப்பையோடு வெளியே வந்ததைப் பார்த்து அவருடைய டிரைவர்களே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஏணி வைத்தோம், ஒவ்வொருவராக இறங்கினார்கள். அத்தை மட்டும் இறங்கவில்லை. படுத்துக் கிடந்த வண்டியின் மேல், ஈரத்தில், காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். நான் பயந்து ஏணியில் ஏறி, என்ன அண்ணி, மயக்கமா என்று கேட்டேன். இல்லம்மா, ஒரு நிமிஷம் இரு, இங்க நல்லாக் காத்து வருது என்றார். நானும் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எழுந்து போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

திரும்பி வந்த வண்டிகளில் இப்போது வேலை நடக்கிறது. அப்பாவுக்கு ஒரு விரல் சரியாகிவிடும், நடுவிரல் முழுதாக மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை உனக்கு மறைக்க வேண்டாம் என்று நினைத்தேன், அவரிடம் உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே, அவரே சொல்லட்டும். நீ எங்கே இருந்தாலும் உன் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வராமல், எடுத்த காரியம் கைகூடி, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். மறக்காமல் அத்தைக்கு ஒரு போன் போடு, மேலே ஏறிய கதையை என்னைவிட நீளமாகச் சொல்வார், முழுதாகக் கேள், குறுக்கே பேசாதே.

ஆசிகளுடன்,
உன் அம்மா