பள்ளத்தில் அடித்த ஆணி

5.4.1984, வியாழன்
நேற்று மாலை அடித்த காற்று இராஜம்மாக்கா வீட்டுக் கூரையைத் தூக்கிப்போய்ச் செம்பனைக் காட்டில் போட்டுவிட்டது. அக்கா கட்டிலுக்கடியில் ஒளிந்து தப்பித்தாராம். "எனக்கு முன்னாடியே சேவல் புகுந்துருச்சு தம்பி" என்று சிரிக்கிறார். ரப்பர்த் தோட்ட வேலையிலிருந்து நின்றதும், தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்து, தோட்டத்து எல்லையில் பலகை வீடு கட்டிக்கொண்டவர். மகள் லெட்சுமிக்கு இந்த மாதக் கடைசியில் தலைப்பிரசவம். "கூரை இல்லாத வீட்டுக்குப் பிள்ளையை அனுப்ப மாட்டேன்" என்று கோலா குபு பாரு பட்டணத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா சொல்லியனுப்பிவிட்டார். அதைச் சொல்லும்போது மட்டும் அக்கா சிரிக்கவில்லை.

இளைஞர் மன்றச் செயலாளர் என்று பெயருக்கு இருந்தால் போதுமா? ஞாயிற்றுக்கிழமை நாங்களே கூரை போடுகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

6.4.84
நாகூர் மீரான் பாய் கடையில் நெளித் தகரம் வாங்கினோம். விஷயம் தெரிந்ததும் ஆணியை இனாமாகவே கொடுத்தார். "தச்சன் யாரு?" என்றார். "நாங்கதான் பாய்." ஒரு மாதிரி பார்த்தார்.

8.4.84, ஞாயிறு
கூரை போட்டாயிற்று! ஆறு பேர், ஒரே பகல். எதற்கும் சந்தேகப்படும் சிவானந்தம், "ஒரு தச்சனைக் கேட்டுக்குவோம்லா" என்றான். "பதிமூணு வருசமா பால் மரம் வெட்டுறேன், எனக்கு ஆணி அடிக்கத் தெரியாதா?" என்று அவன் வாயை அடைத்தேன். முதுகுதான் நிமிர மாட்டேன் என்கிறது.

10.4.84
மழை. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒவ்வோர் ஆணியிலும் ஒழுகல்! தரை முழுக்கச் சட்டி, பானை, குண்டான். நடுவில் அக்கா குடை பிடித்து உட்கார்ந்திருக்கிறார். "வெளியில இருக்கிறதவிட உள்ளதான் நல்ல மழை தம்பி." திட்டியிருந்தால்கூடத் தேவலை. ச்சே, எந்த மூஞ்சியோட இனி அங்க போறது?

11.4.84
பாய் நேரில் வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அழகேசா, ஆணிய மேட்டுல அடிக்கணும்பா. நீ பள்ளத்துல அடிச்சிருக்கே. தண்ணி ஓடுற எடம்லா அது!"

பின்னே? பால் மரத்தில் கோடு கீறி, பால் வழிகிற இடத்தில்தானே அதைக் கோப்பைக்கு இறக்கத் தகரத் துண்டை அடிப்போம்? வழிகிற இடத்தைத் தேடி அடித்தே பழகிய கை. ஆறு பேரும் மரம் வெட்டுகிறவர்கள், ஒருவனுக்காவது தோன்றியதா? சிவானந்தம் சொல்லிக்காட்டாமல் சட்டித் தண்ணீரை வெளியே கொட்டினான். அதுதான் எரிச்சல்.

12.4.84
யோசனை சிவானந்தத்துடையது. (எழுதித்தான் ஆக வேண்டும்.) ரப்பர் பாலில் துணியை நனைத்து ஓட்டையில் ஒட்டுவது. எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் கேட்டோம். பால் வாளியைக் காட்டி, "நான் பாக்கல" என்று முதுகைத் திருப்பிக்கொண்டார். நல்ல மனுஷன்.

15.4.84, ஞாயிறு
ஆணிகளைப் பிடுங்கி மேட்டில் அடித்தோம். பள்ளமெல்லாம் பழைய வேட்டித் துண்டுகள். கூரைக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கிறது. நாற்றம் வேறு. "நாத்தம் போயிரும். ஒழுகறது நிக்குமா?" என்றார் அக்கா. தெரியவில்லையே!

19.4.84
மழை இல்லை. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, அன்றைய கூலி போகும். இருந்தும் வானத்தையே பார்க்கிறேன்.

24.4.84
லெட்சுமிக்குப் பெண் குழந்தை! மாப்பிள்ளையின் அம்மா சனிக்கிழமை வருகிறாராம், வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் தாயையும் பிள்ளையையும் அனுப்புவாராம்.

28.4.84, சனி
மழையும் அந்த அம்மாவும் ஒன்றாக வந்தார்கள். முகட்டைப் பார்த்தபடியே தேத்தண்ணீர் குடித்தார். நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டுவிட்டேன். அரை மணி நேரம் கொட்டியது. விழுந்தது ஒரே ஒரு சொட்டு, அதுவும் சரியாக என் தலையில். சிவானந்தம் சிரித்தே விட்டான். அந்த அம்மா கோப்பையை வைத்துவிட்டு, "அடுத்த வாரம் கொண்டாந்து விடுறேன்" என்றார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

6.5.84, ஞாயிறு
நல்ல மழை. மனது கேட்காமல் அக்கா வீட்டுக்கு ஓடினேன். தரை காய்ந்து கிடந்தது. பானைகள் அடுப்படியில்: ஒன்றில் பத்தியக் குழம்பு, ஒன்றில் குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர். "எங்கயாச்சும் ஒழுகுதாக்கா?" என்று கத்தினேன். தகரத்தில் அவ்வளவு இரைச்சல்.

லெட்சுமி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "மெதுவாப் பேசுங்கண்ணே, பிள்ள தூங்குது."