கறுப்பு ஃபோர்க், வெள்ளைப் பொடி

பிப்ரவரி 6, வியாழன்

காலையில் கூனிமேடு வரை சைக்கிளில் போய்த் திரும்பினேன். உப்பளங்களில் உப்பு வாரத் தொடங்கிவிட்டார்கள், காற்றே கரித்தது. வந்ததும் வழக்கம்போல் போர் மோட்டாரைப் போட்டு சைக்கிளைக் கழுவினேன். முன் சக்கரத்தைத் தாங்கும் அந்தக் கறுப்பு கார்பன் ஃபோர்க்கின் இடுக்கில் எல்லாம் ஹோஸைப் பிடித்தேன். உப்புக் காற்று பட்டதை அப்படியே நிறுத்தி வைக்கலாமா?

"என் ஸ்கூட்டிய ஒரு நாளாவது இப்படிக் குளிப்பாட்டி இருக்கீங்களா?" என்றாள் மனைவி ரேணுகா.

செயின் எண்ணெயோடு வந்த சைக்கிள் கடை சேட்டு வேறு பக்கம் இழுத்தார். "சார், நம்ம போர் தண்ணி வேணாம் சார். சில்வர் டம்ளரே வெளுத்துப் பூடுது."

"அது கார்பன் சேட்டு. துரு பிடிக்காது" என்று சிரித்தேன். முப்பத்தொரு வருடம் வேதியியல் நடத்தியவன் சொன்னால் மறுபேச்சு ஏது?

பிப்ரவரி 19, புதன்

இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. வலது கை தப்பியதால் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை, பாலத்து இறக்கத்தில், ஃபோர்க்கின் ஒரு கால் மேல் குழாயிலிருந்து கழன்று வந்துவிட்டது. ஈர மண்ணிலிருந்து முள்ளங்கியைப் பிடுங்குவது போல, அவ்வளவு சுலபமாக. விமானத்தில் போடும் பொருளாம், அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்தார்கள். வாங்கிப் பதினான்கு மாதம்தான்! மகன் ஆசையாக வாங்கித் தந்தது.

மார்ச் 3, திங்கள்

கம்பெனிக்கு ஃபோர்க்கை கூரியரில் அனுப்பியாயிற்று. போனில் ஷாலினி என்றொரு பெண். "உங்க சேஃப்டி எங்களுக்கு ரொம்ப முக்கியம் சார்." அடுத்த மூச்சில், "பில் நம்பர் சொல்லுங்க சார்." கை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியவற்றின் பட்டியலில் கை இல்லை போலிருக்கிறது.

மார்ச் 24, திங்கள்

கம்பெனியின் அறிக்கை வந்தது. "அங்கீகாரம் பெறாத மெக்கானிக் போல்ட்டை அளவுக்கு மேல் இறுக்கியதால் கார்பன் குழாய் நசுங்கி முறிந்தது."

என்ன அழகு! என் ஃபோர்க்கில் இரண்டு கால்கள்தான் கார்பன். போல்ட் இறுக்குகிற மேல் குழாய் அலுமினியம். இல்லாத கார்பன் குழாயை, போல்ட்டைப் பூட்டிய சேட்டு எப்படி நசுக்குவார்? தவளையின் இதயத்தை வரையச் சொன்னால் செம்பருத்திப் பூவை வரைந்து, பாகங்களும் குறித்து, வண்ணமும் தீட்டி வைக்கிற பிள்ளைகள் உண்டு. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து இந்தக் கம்பெனியின் தொழில்நுட்பக் குழுவில் சேர்ந்திருக்கிறார்கள்.

எல்லோரும் சிரிக்கட்டும் என்று அறிக்கையை எங்கள் வாட்ஸ்அப் சைக்கிள் குழுவில் போட்டேன்.

மார்ச் 25

முப்பத்தெட்டுப் பேர் படித்திருக்கிறார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

சென்னையிலிருந்து வரும் சைக்கிள்காரர்கள் ஞாயிறு காலையில் சேட்டு கடையில்தான் நிற்பார்கள். இன்று நான் இருக்கும்போதே பதினொரு பேர் கடந்து போனார்கள். ஒருவர் கையை மட்டும் ஆட்டினார்.

"ரெண்டாவது வாரம் சார்," என்றார் சேட்டு. சைக்கிளுக்கு அவர் பார்க்காத வேலை கிடையாது. இப்போது ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். "சேட்டு கை போட்டா கார்பன் உடையுமாம். நீங்க கிண்டலுக்குப் போட்டீங்க. அவங்க நெசம்னு எடுத்துக்கினாங்க."

"நான் விடமாட்டேன் சேட்டு."

"வுடுங்க சார். இனிமே பஞ்சரோட சரி."

வீட்டுக்கு வந்ததும் ஷாலினியைக் கூப்பிட்டேன். அந்தக் குழாய் அலுமினியம் அம்மா, அலுமினியம்!

"நோட் பண்ணிக்கிட்டேன் சார். ஆனா ரிப்போர்ட் ஃபைனல்."

"ஃபோர்க்க யாராவது கண்ணால பார்த்தாங்களா?"

"டீம் பார்த்திருப்பாங்க சார்."

பார்த்திருப்பாங்க! ஃபோர்க்கைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டேன். ஒரு மனுஷன் பேர் போகுது, இவங்களுக்கு நோட் பண்றதோட முடிஞ்சிடுது.

ஏப்ரல் 17, வியாழன்

ஃபோர்க் வந்தது. நான் ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருக்கிறது. பெட்டியைப் பிரிக்கவே இல்லை, பாவிகள். வெளியே மட்டும் ஒரு சீட்டு: நிராகரிக்கப்பட்டது.

வெற்றிக் களிப்போடு பிரித்தேன். போல்ட் இறுக்கிய இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. போட்டோ எடுத்தேன். பிறகு கால் கழன்ற இடத்தைத் திருப்பினேன், அனுப்பும்போது கவனிக்காமல் விட்டதை —

வெள்ளைப் பொடி. அலுமினியம் குழிகுழியாக அரித்துப் போயிருக்கிறது. கார்பன் கால் ஒட்டியிருந்த அதே வளையம்.

பழைய டார்ச் பேட்டரியை உடைத்தால் நடுவில் ஒரு கறுப்புக் குச்சி இருக்கும். அது கார்பன். சுற்றியிருக்கும் துத்தநாகத் தகடு கரையும், குச்சி அப்படியே இருக்கும். ஆண்டுதோறும் ஒன்றை உடைத்துக் காட்டுவேன். கார்பன், ஒரு உலோகம், நடுவே உப்புத் தண்ணீர், உலோகம்தான் தின்னப்படும்.

உப்புத் தண்ணீர். தினமும். ஹோஸ் பிடித்து. நானே.

உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். இந்த ஊரில் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சேட்டு சொன்னார். சிரிச்சேனே!

ஏப்ரல் 18, வெள்ளி

ரேணுகாவிடம் சொன்னேன். "ஒன்றரை மாசமா அந்தப் பொண்ணத் திட்டினீங்க. இப்ப யாரத் திட்டப் போறீங்க?" என்று கேட்டுவிட்டுக் காபி வைக்கப் போனாள்.

போல்ட் போட்டோவை மட்டும் குழுவில் போட்டால் போதும். சேட்டு பேரும் மீளும், கம்பெனியும் தோற்கும், என் மானமும் தப்பும். ஆனால் அந்தக் குழுவில் இன்னும் எத்தனை பேர் இதே ஃபோர்க்கில் ஓட்டுகிறார்கள்? கடலோரத்தில் எத்தனை பேர் என்னைப் போல் கழுவுகிறார்கள்?

ஏப்ரல் 20, ஞாயிறு

இரண்டு போட்டோவையும் போட்டேன். கூடவே எழுதினேன்: "போல்ட்டில் பழுது இல்லை. சேட்டு செய்த வேலை சரி. பதினான்கு மாதம் போர் தண்ணீரில் கழுவியது நான். வேண்டாம் என்று சேட்டு எச்சரித்தார், நான் கேட்கவில்லை. கார்பனும் அலுமினியமும் தொடாமல் இடையில் கண்ணாடி இழை வைத்து ஒட்டியிருக்க வேண்டும். இந்த ஃபோர்க்கில் அது இல்லை. அது கம்பெனியின் பங்கு. இதே ஃபோர்க் வைத்திருப்பவர்கள் கழற்றிப் பார்க்காமல் ஓட்டாதீர்கள்."

கம்பெனிக்கும் அதையே அனுப்பினேன்.

ஏப்ரல் 23, புதன்

பதில் வந்துவிட்டது. மூன்றே நாளில்! "பயனர் தம் தவற்றை ஒப்புக்கொண்டதால் புகார் முடித்து வைக்கப்படுகிறது. எங்கள் சேவைக்கு நட்சத்திரம் வழங்கவும்." கண்ணாடி இழை பற்றி ஒரு சொல் இல்லை.

ஒரு நட்சத்திரம் கொடுத்தேன். அதற்குக் கீழே கொடுக்க வழி வைக்கவில்லை.

மே 11, ஞாயிறு

சேட்டு கடை வாசலில் ஆறு கார்பன் சைக்கிள்கள். ஒவ்வொரு ஃபோர்க்கையும் கழற்றி வெயிலில் திருப்பிப் பார்த்தார். இரண்டில் வெள்ளைப் பொடி. ஒன்றுக்குச் சொந்தக்காரர், அன்று கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனவர். அதை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சேட்டுக்கு டீ வாங்கி வந்தார்.

வேலை முடிந்த வண்டிகளைக் கழுவ சேட்டு குடிதண்ணீர் கேனைத் திறந்தார். நான் கை நீட்டினேன். துணியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கேனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீங்க தொடைங்க சார். தண்ணிய மட்டும் நான் பார்த்துக்கறேன்."

துடைத்தேன்.